ரேடியோ வைத்து ரிப்பேர் செய்த கார்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மாவின் இருமல் நின்றதா? நான் நலமாகவே இருக்கிறேன். நலமில்லாதது நான் ஓட்டும் கம்பெனி கார்தான்.

கிளப்பினாலே அடியில் தகர டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்குவதுபோல் சத்தம். புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர் உள்ளே நொறுங்கிவிட்டது என்று முதல் நாளே சொன்னேன். இங்கே மெக்கானிக் என்று ஒருவர் இருக்கிறார். கையுறையில் ஒரு பொட்டு கிரீஸ் கிடையாது. குனிந்துகூடப் பார்க்காமல் கம்ப்யூட்டரைச் சொருகிவிட்டு, "ஸ்கிரீன்ல ஒண்ணும் காட்டலியே மேடம்" என்றார். எங்கள் மேனேஜர் அவரையும் மிஞ்சிய மேதை. "ரேடியோவக் கொஞ்சம் கூட்டி வைங்க, கேக்காது" என்று வைத்தியம் சொன்னார்.

போன வாரம் மருந்துப் பெட்டிகளோடு மேடேறும்போது, உடைந்த துண்டுகள் அடைத்துக்கொண்டு வண்டி நின்றேவிட்டது. பயப்படாதீர்கள், ஓரமாகத்தான் நின்றது. கம்பெனிக்கு இழுத்து வந்து, வண்டி ஆறியதும் மெக்கானிக்கை அடியில் படுக்கவைத்து, நம் பட்டறையில் நீங்கள் தட்டுவதுபோல் ரப்பர் சுத்தியலால் தட்டிக் காட்டினேன். கலகலவென்றது. "ஆமா, உள்ள ஏதோ இருக்கு" என்றார். பெரிய கண்டுபிடிப்பு! மேனேஜர் மட்டும், "ஏன், ரேடியோ வேலை செய்யலியா?" என்று கேட்டார்.

அவர்தான் இப்போது என்னைக் கூப்பிடுகிறார். அவசரமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் போன் செய்தால், பட்டறைச் சத்தம் தொந்தரவு என்று தெருவுக்குப் போய்விடுகிறீர்கள். இனி போகாதீர்கள். பேசாவிட்டாலும் பரவாயில்லை. போனை அணைக்காமல் பெஞ்சில் வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். அந்தச் சத்தம் கேட்டால் போதும்.

உங்கள் மகள்