இடது காலுக்கு வேலையில்லை

அன்பு ஜெசிந்தா,

மாதா தயவில் நான் சுகம். உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? இங்கே நடந்ததைப் போனில் சொன்னால் நம் மகள் கரோல் கேட்டுவிட்டுத் தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பாள், அதனால்தான் எழுதுகிறேன்.

நம் ஃப்ளோரன்ஸ் டீச்சர் புது கார் வாங்கியிருக்கிறார், நான்தான் ஓட்டுகிறேன். கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறும். ஆனால் எவ்வளவு மிதித்தாலும் வேகம் எடுக்கவில்லை. இருபது வருஷம் லாரி ஓட்டியவன் சொல்கிறேன், இன்ஜினில்தான் கோளாறு என்று டீச்சரிடம் அடித்துச் சொன்னேன். அவரும் கம்பெனிக்குப் புகார் எழுதிவிட்டார்.

நேற்று அடையாறு பாலத்தில் வண்டி முக்கி முனகி ஏறியது. அடுத்த சிக்னலில் ஓர் ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து கத்தினார்: “இன்னா நைனா, பிரேக் லைட்டு எரிஞ்சிகினே கீது! காலை எடுத்தாதானே வண்டி போவும்?”

குனிந்து பார்த்தேன். கிளட்ச் மிதித்த பழக்கத்தில் என் இடது கால் பிரேக்கின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. பத்து நாளாக!

பின்சீட்டில் டீச்சர் ஜெபமாலையை நிறுத்திவிட்டு, “பவுலு, இப்ப புகாரை வாபஸ் வாங்கணுமே, காரணம் என்னன்னு எழுதறது?” என்றார். பயப்படாதே, வேலை போகவில்லை.

இப்போது அந்தக் காலை சீட்டோடு ஒட்டி மடக்கி வைத்திருக்கிறேன். வேலை செய்தபோது வலிக்காத கால் சும்மா இருந்து வலிக்கிறது. நீ தேய்த்துவிடுகிற தைலம் ஒரு குப்பி யாரிடமாவது கொடுத்தனுப்பு. டீச்சர் கூப்பிடுகிறார், கிளம்ப வேண்டும்.

மத்தியானம் கண்ணயர்ந்தால்கூட அந்தக் கால் எதையோ தேடித் தேடி மிதிக்கிறது. நீ பக்கத்தில் இருந்தால் ஒரு தட்டுத் தட்டி அடக்கியிருப்பாய்.

உன்,
பவுல்சாமி