மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு ஓடியவர்

வியாழன், இரவு

ஏழுமலை அண்ணனை இன்று ஜிம்மிலிருந்து திருப்பி அனுப்பினேன். தூக்கம் வரவில்லை.

சிப்காட்டில் இரும்பு உருக்கும் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆள் அவர். ஜிம் டிரெய்னர் ஆவதற்கான பயிற்சியில் என்னிடம் ஒப்படைத்த முதல் ஆளும் அவர்தான். திங்கட்கிழமை கம்பெனியில் மெடிக்கல் செக்கப். பிரஷர் இருந்தால் நிறுத்திவிடுவார்கள். அதற்குள் வேர்க்க வேர்க்க ஓடிக் குறைத்துவிடலாம் என்று நம்புகிறார்.

பிரஷர் பார்த்தேன். இவ்வளவு இருந்தால் ஓடவிடக் கூடாது, டாக்டரிடம் அனுப்பு என்பதுதான் எங்கள் பாடம். அதையே சொன்னேன்.

"டாக்டராண்ட போனா வேல பூடும் நைனா. நீ பக்கத்துல நின்னுகினு இரு, போதும்."

"மயங்கி வுழுந்தா யாரு பதில் சொல்றது? கெளம்புண்ணா."

"இன்னாத்துக்கு நீ மாஸ்டரு?" என்று சிரித்துக்கொண்டே போனார்.

சாயங்காலம் பொன்னேரி பஸ்ஸிலிருந்து பார்த்தேன். சர்வீஸ் ரோட்டில் லாரிகளுக்கு ஓரமாக, அடங்காத வெயிலில், மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு ஓடுகிறார். நன்றாக வேர்க்க வேண்டுமாம். ஜன்னல் வழியாகக் கத்தினேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். பஸ் நிற்கவில்லை.

நான் செய்தது சரிதான். ஆனால் ஜிம்மில் ஃபேன் இருந்தது, தண்ணீர் இருந்தது, பக்கத்தில் நானும் இருந்திருப்பேன்.

சற்று முன் போன் போட்டேன். அவர் மனைவி எடுத்தார்.

"அசதியா படுத்துகினு கீறாரு தம்பி. காலைலயும் ஓடணுமாம், எய்ப்பி வுட சொன்னாரு."

இப்போதே ஒரு தடவை எழுப்பிப் பாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த அக்கா பயந்துவிடுவார் என்று போனை வைத்துவிட்டேன்.