மாப்பிள்ளை தோற்ற விதம்

எர்லாங்கன்
20-2-1968

அன்பு மகள் பாமாவுக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம். இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், என் இடது முழங்கால் மட்டும் இந்த ஜெர்மனிக் குளிரோடு இன்னும் ராசியாகவில்லை, நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பதாக உன் கையால் எழுதினால்தான் எனக்கு நிம்மதி. அப்பா யூனிவர்சிடி லேபிலேயே கிடக்கிறார், வீட்டுக்கு வருவது சாம்பாருக்குத்தான். நீ திருச்சிக் காலேஜில் பாடம் நடத்தும் இங்கிலீஷ் நாவலை அனுப்பினாயே, அதைக் காலைக் காப்பியோடு எனக்குத் தமிழில் சொல்லி முடித்துவிட்டார். முந்நூறு பக்கத்தில் ஒருத்தர்கூட ஜாதகம் கேட்கவில்லை. ஆனால் வருமானம் எத்தனை பவுன், வண்டிக்கு எத்தனை குதிரை, மாளிகைக்கு எத்தனை ஜன்னல், எல்லாம் விசாரிக்கிறார்கள், ஆக நம் ஜனங்கள்தான். எனக்குப் பிடித்தவள் கதாநாயகியின் அம்மா ஒருத்திதான். கல்யாணமாகாத பெண்களை வைத்துக்கொண்டு அவள் படும் பாடு எனக்குத் தெரியும், அவளைப் பார்த்து எல்லாரும் சிரிக்கிறார்களே, இது என்ன நியாயம்? நாலு குதிரை வண்டியில் வந்த சீமானை வேண்டாம் என்ற கதாநாயகி, சீட்டாட்டத்தில் தோற்றும் சிரித்த முகமாக எழுந்துபோன பள்ளிக்கூட வாத்தியாரைக் கட்டிக்கொள்கிறாள். மூன்று வரனைத் தட்டிக்கழித்த நீயும், இனி சம்பளம் அந்தஸ்து எதுவும் கேட்காதே அம்மா, தோற்கும்போது முகம் எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்த்து எழுது என்றுவிட்டாய்.

பார்த்தேன். அப்பா சொல்லிக்கொண்டிருந்த ரகுநாதன், இங்கே பெரிய எலெக்ட்ரிக் கம்பெனியில் என்ஜினீயர், ஞாயிற்றுக்கிழமை டிபனுக்கு வந்தார். பனியில் சைக்கிளில் வந்தார். என்ஜினீயருக்குச் சைக்கிளா என்று நாக்கு நுனிவரை வந்தது, உன் கட்டளையை நினைத்து விழுங்கிவிட்டேன். பெண்ணே இல்லாத பெண் பார்க்கும் வைபவத்துக்கு சொஜ்ஜி பஜ்ஜி போட்டேன். பிறகு காகிதத்தில் கட்டம் போட்டுத் தாயம் ஆட உட்காரவைத்தால், என் காயை வெட்டாமல் வேறு காயை நகர்த்துகிறார். நாலு ஆட்டமும் நானே ஜெயித்தேன். பெரியவர்களுக்கு விட்டுக்கொடுப்பது மரியாதையாம். வேண்டுமென்று தோற்கிறவர் முகத்தில் நான் என்னத்தைப் பார்ப்பது?

நல்லவேளை, கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாள் கேக்கும் ஒரு பெட்டியுமாக மேலே வந்தாள். நம் தாயத்தை அட்டையில் அச்சடித்த மாதிரி ஓர் ஆட்டம். மனுஷா, கோபப்படாதே என்பதுதான் இந்த ஊரில் அதற்குப் பெயராம், ரகுநாதன்தான் சொன்னார். வீட்டுக்கார அம்மாள் இரக்கம் என்ன விலை என்று கேட்கிறவள். அவளை ஜெயிக்க அவர் நிஜமாகவே ஆடினார், காதெல்லாம் சிவந்துவிட்டது. அவருடைய கடைசி மஞ்சள் காய் வீடு சேர ஒரே கட்டம், அதை வெட்டி அவளே ஜெயித்துவிட்டாள். ஒரு நிமிஷம் முகம் விழுந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அப்புறம் சிரித்துக்கொண்டே எழுந்துபோய், யாரும் கேட்காமலே எல்லார் காப்பிக் கோப்பையையும் கழுவினார். அடுத்த ஆட்டத்தில் அவள் என் காயை வெட்டினாள் பார், எழுதவே வெட்கமாக இருக்கிறது, அட்டையை ஒரு தட்டுத் தட்டிவிட்டேன், காய்களெல்லாம் சொஜ்ஜியில் விழுந்தன. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி இருமினார். வீட்டுக்கார அம்மாள் பெட்டி மூடியில் இருந்த பெயரை விரலால் தட்டிக் காட்டினாள்.

என் கோபத்தாலேயே இந்த வரன் கைநழுவிவிடுமோ என்று பயந்துபோனேன். ரகுநாதன் சொஜ்ஜியிலிருந்து காய்களைப் பொறுக்கிக்கொண்டே, ஏம்மா, பாமாவும் தோத்தா இப்படித்தானா என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. இதைவிட மோசம்ப்பா என்று, நீ கேரம் போர்டைக் கவிழ்த்த கதையையும் சொல்லிவிட்டேன். அவர் காயைத் துடைத்துக்கொண்டே, அப்ப அவங்ககிட்ட விட்டுக்கொடுத்து ஆட மாட்டேம்மா, நெஜமாவே ஆடறேன் என்றார். பாமா, எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது, உனக்கும் பிடிக்க வேண்டுமே என்று வேண்டாத தெய்வம் இல்லை.

இத்துடன் பஞ்சில் சுற்றி ஒரு மஞ்சள் காய் வைத்திருக்கிறேன். அவர் தோற்ற கடைசிக் காய் அதுதான், யாருக்கும் தெரியாமல் முந்தானையில் முடிந்துகொண்டேன். வேண்டாம் என்றால் தபாலில் திருப்பி அனுப்பிவிடு, நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். சம்மதம் என்றால் அனுப்பாதே, நீயே கொண்டுவந்து கொடு. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, காப்பியைக் குறைத்துக்கொள். தீர்க்காயுசாக, மனசுக்குப் பிடித்தபடி வாழ வேண்டும். பதிலை மட்டும் தாமதிக்காதே, வீட்டுக்கார அம்மாள் தினமும் வந்து என் கட்டிலுக்கு அடியில் தேடுகிறாள்.

இப்படிக்கு,
ஆட்டத்தில் தோற்ற உன் அம்மா
கனகவல்லி