கண்ணாடிக்குள் போன கிடாரம்

அன்பு மகன் ரசீதுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நான் சுகம், உன் தங்கை ஷமீம் சுகம், ஆட்டுக்குட்டிகூட சுகம். உன் வாப்பாவின் சுகத்தைத்தான் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, அவர் இப்போது வரலாற்றுக் கூடத்தின் தலைவர், நடையே மாறிவிட்டது. நீ தம்மாமில் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க துஆ செய்கிறேன். கையில் போன் இருக்கும்போது உம்மா ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைக்காதே. போனில் நான் ஒரு வார்த்தை சொன்னால் உன் வாப்பா பக்கத்தில் நின்று அதைத் திருத்துகிறார். அதனால்தான் விடுப்பு முடிந்து புறப்படும் சல்மான் ஃபாரிஸிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், கூடவே அல்வாவும் இருக்கிறது, அவன் வழியிலேயே பிரிக்காமல் இருந்தால் உனக்குக் கிடைக்கும்.

பள்ளிவாசலை ஒட்டிய பழைய மதரஸா அறையில் நம் ஊர் வரலாற்றை வைப்பது என்று ஜமாஅத்தில் முடிவானது உனக்குத் தெரியும். நல்ல காரியம்தான், நெசவு செய்தவர்கள், கொழும்புக்குக் கடை வைக்கப் போனவர்கள் எல்லோரையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டாமா. ஆனால் சாமான் கொடுத்தவர் பெயரைக் கீழே எழுதுவோம் என்று உன் வாப்பா ஒரு அறிவிப்பு கொடுத்தார் பார், அதோடு கெட்டது. ஊரில் உடைந்தது ஒடிந்ததெல்லாம் வரலாறாகிவிட்டது. ஊருக்கு வந்த முதல் டேப் ரிக்கார்டர் என்று மூன்று வீட்டிலிருந்து மூன்று வந்து இறங்கியது. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் கூட்டம் போட்டுப் பேசி, ஒவ்வொன்றும் அந்தந்தத் தெருவுக்கு முதல் என்று தீர்மானம் எழுதினார்கள். உன் வாப்பா தன்னுடைய காலாவதியான பாஸ்போர்ட்டைக் கொடுத்தார், பெயர் எழுதிய அட்டை பாஸ்போர்ட்டைவிடப் பெரியது. உன் பள்ளிக்கூடத்து சைக்கிளும் அங்கேதான் நிற்கிறது, நீ சாகும் முன்னே வரலாறாகிவிட்டாய், எனக்கு அது பிடிக்கவே இல்லை.

இவ்வளவு இருந்தும் பழமை போதவில்லை என்று அவருக்கு ஒரே கவலை. அப்போதுதான் பள்ளிவாசல் படிக்கட்டுக்கு அடியில் கிடந்த செம்புக் கிடாரங்கள் கண்ணில் பட்டன. ஊரில் எந்த வீட்டு நிக்காஹ் என்றாலும் பிரியாணி வேகுமே, அதே கிடாரங்கள்தான். ஆற்று மணலும் புளியும் போட்டுத் தேய்த்து, நடு அறையில் ஏற்றி, நான்கு பக்கமும் மேலேயும் கண்ணாடி போட்டுவிட்டார்கள். கதவு எந்தப் பக்கம் வைக்க என்று பேட்டைப் பட்டறைக்காரர் சுடலைமாடன் கேட்டிருக்கிறார். கதவு இருந்தால்தானே திருடன் வருவான், கதவே வேண்டாம் என்று உன் வாப்பா சொல்ல, கூட இருந்த அத்தனை பேரும் ஆகா என்றார்களாம். கல்யாணத்துக்கு அதே கிடாரம் வேண்டியிருக்கும் என்று ஒரு ஆணுக்கும் தோன்றவில்லை. சோறு எதில் வேகிறது என்று பார்த்திருந்தால்தானே.

அடுத்த வாரமே நம் பக்கத்து வீட்டு ஹமீது பீவி வந்து நின்றாள், மகள் நஸீமாவுக்கு ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ், கிடாரம் வேண்டும் என்று. கணவனை இழந்தவள், தையல் மெஷினை மிதித்தே அந்தப் பெண்ணை ஆளாக்கியவள். உன் வாப்பா சொல்கிறார், திங்கள்கிழமை திறப்பு விழா, மாவட்டத்திலிருந்து அதிகாரி வருகிறார், வெளியே வாடகைக்கு எடுத்துக்கொள் என்று. நம் பக்கம் வாடகைப் பாத்திரத்தில் சமைப்பது யார், ஜமாஅத் விலக்கி வைத்த வீடுதானே. அதை எடுத்துச் சொன்னதும் கமிட்டி மறுபடி கூடி, கிடாரத்தைப் படம் பிடித்துக் கல்யாணப் பந்தலில் பெரிதாக மாட்டித் தருவதாக முடிவு செய்தது. ஹமீது பீவி சண்டை போடவில்லை. என் அடுப்படியில் வந்து உட்கார்ந்து, எம்புள்ள என்ன தப்பு செஞ்சா லாத்தா என்று மட்டும் கேட்டாள். அன்று உன் வாப்பாவுக்குச் சோறு வைத்தேன், பேச்சு வைக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து மாப்பிள்ளையின் வாப்பா உன் வாப்பாவுக்குப் போன் செய்தார். வாடகைப் பாத்திரம் பேசிய சேதி அங்கே போய்விட்டது. ஏன் வே, அந்த வூட்ட நீங்க ஊர் விலக்கி வச்சிருக்கியளா, எங்ககிட்ட மறைச்சிட்டியளோ, அப்படின்னா நாங்க நாளைக்கு வரணுமா வேண்டாமா சொல்லும் வே என்று கேட்டாராம். உன் வாப்பாவுக்கு முகம் செத்துப்போயிற்று. அப்படில்லாம் இல்ல வே, அவ எங்க வூட்டுப் புள்ள மாதிரி, கிடாரம் இப்பவே ஏறுது என்று சொல்லிவிட்டு எழுந்தார். அம்மிக் குழவியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நேரே வரலாற்றுக் கூடத்துக்குப் போனார். கண்ணாடி உடைந்த சத்தம் நம் அடுப்படி வரை கேட்டது. அந்த மனுஷனைக் கட்டியதற்காக நான் சந்தோஷப்பட்ட நாட்களில் அதுவும் ஒன்று.

நிக்காஹ் குறையில்லாமல் நடந்தது, சோறு பூப்போல வெந்தது. மறுநாள் அதிகாரி வந்தபோது நடு அறையில் வெறும் மேடைதான் இருந்தது, கிடாரங்களை இன்னும் கழுவி முடிக்கவில்லை. மேடைமேல் உன் வாப்பா ஒரு அட்டை எழுதி வைத்திருந்தார், கிடாரம் கல்யாணத்துக்குப் போயிருக்கிறது என்று. கீழே யார் பெயரும் இல்லை. அதிகாரி மற்றதை எல்லாம் விட்டுவிட்டு அந்த அட்டை முன்னால்தான் வெகுநேரம் நின்றார்.

இப்போது கதவு வைத்த கண்ணாடி வந்துவிட்டது. சூட்டில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே, தொழுகையை விடாதே, அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த பரக்கத்தும் தரட்டும். ஒன்றை மறந்துவிடாதே, உன் நிக்காஹுக்குத் திருநெல்வேலியில் ஏசி மண்டபம் பார்க்கச் சொல்லியிருந்தாய். உன் வாப்பா அந்த அட்டையை அலமாரியில் துணி சுற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறார், நம் வீட்டுக்காக ஒரு தரம் அதை எடுத்து வைக்க வேண்டும் என்று காத்திருக்கிறார். வாய்விட்டுக் கேட்கமாட்டார், தலைவர் அல்லவா. நான் கேட்கிறேன், ஊருக்கு வா.

உன் வரவை எதிர்பார்க்கும் உம்மா,
ஷஃபீகா ஹபீப் முகம்மது