அண்ணன் ஏன் போனை எடுப்பதில்லை

ஜெலுத்தோங், பினாங்கு
தைப்பூசம் முடிந்த மறுவாரம்

அன்பு மகள் பிரமிளாவுக்கு அம்மா எழுதுவது. உடம்பளவில் நாங்கள் மூவரும் நன்றாகவே இருக்கிறோம், அந்தக் காட்டுப் பக்கத்தில் நீயும் காய்ச்சல், கொசுக்கடி ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். நலம் என்பதை இதற்கு மேல் இழுத்து எழுத எனக்கு வரவில்லை. நீ போன் செய்தபோதெல்லாம் லைன் சரியில்லை என்று சொல்லி நான் வைத்துவிட்டேன். உன் பக்கம் எப்படியோ, என் பக்கம் லைன் நன்றாகத்தான் இருந்தது. உன் குரலைக் கேட்டால் கத்திவிடுவேன் என்று பயந்துதான் வைத்தேன். அதனால்தான் மீரியில் இருக்கும் உங்கள் சட்ட உதவி ஆபீஸ் விலாசத்துக்கு இதை எழுதிப் போடுகிறேன். உள்ளே இருக்கும் கம்பத்துக் கிராமத்திலிருந்து நீ திரும்பி வரும்போது கொடுப்பார்கள்.

அண்ணன் ஏன் போனை எடுப்பதில்லை, மெசேஜைப் படித்துவிட்டும் ஏன் பதில் போடுவதில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாய். உன் அண்ணனுக்கு வேலை போய்விட்டது. தீபாவளி முடிந்த வாரத்திலேயே போய்விட்டது. நீ கோலாலம்பூரில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய், உன்னிடம் சொல்லவே கூடாது என்று அவன் என்னிடமும் அப்பாவிடமும் சத்தியம் வாங்கினான். வேலை போனது மட்டும் என்றால் மறைத்திருக்க மாட்டான், திருடன் என்று சொல்லி அனுப்பினார்கள். பாயான் லெப்பாஸில் அவன் வேலை செய்த கம்ப்யூட்டர் சிப் தொழிற்சாலையில் ஸ்டோர் அறையிலிருந்து தங்கக் கம்பிச் சுருள் ஒன்று காணாமல் போயிருக்கிறது. அன்றைக்குக் கடைசியாக அந்தக் கதவைத் திறந்தது யுகேந்திரனின் கார்டு. அங்கே ஒருவர் கார்டைத் தட்டினால் பின்னாலேயே நாலு பேர் உள்ளே போவதும் வருவதும் வழக்கம். அது அவனுடைய சூப்பர்வைசர் ஸுல்கிஃப்லிக்கு நன்றாகத் தெரியும், அன்றைக்கு யார் யார் பின்னால் போனார்கள் என்பதும் தெரியும். கம்பெனி விசாரணையில் அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாராம். பிறகு மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் இவன் கையைப் பிடித்துக்கொண்டு, "பிரதர், இங்க வாயைத் தொறந்தா என் வேலை போயிடும். கோர்ட்டுல கூப்பிட்டா கண்டிப்பா வந்து சொல்றேன்லா"ன்னு சொல்லியிருக்கிறார். உன் அண்ணன் அதையே பிடித்துக்கொண்டான். கோர்ட் என்று ஒன்று கூப்பிட்டால் போதும், எல்லாம் வெளியே வந்துவிடும் என்று இருந்தான். நஷ்டஈடு வேண்டும் என்று ஒரு நாள் கூட அவன் பேசியதில்லை. யாராவது ஒருவர் எதிரே உட்கார்ந்து, நீ எடுத்தாயா இல்லையா என்று கேட்க வேண்டும், அவன் இல்லை என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

நம்மிடம் வக்கீல் வைக்க வசதி ஏது. மார்க்கெட்டுக்குப் போகும்போது சுவரில் ஒட்டியிருந்ததை நான்தான் பார்த்தேன், செபராங் ஜெயாவில் சனிக்கிழமை தோறும் இலவசச் சட்ட ஆலோசனை, சட்டக் கல்லூரி மாணவர்கள் உதவுவார்கள் என்று. அவன் வரமாட்டேன் என்றான். "தங்கச்சி மாதிரி படிக்கிற பிள்ளைங்கதாண்டா, நல்லா பார்ப்பாங்க"ன்னு நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். அப்பா பழைய கஞ்சில் காரை எடுத்தார், மூன்று பேரும் பாலத்தைத் தாண்டிப் போனோம். கடைவீட்டின் மாடியில் ஒரு அறை, நாலைந்து மேசை, பிளாஸ்டிக் நாற்காலிகள், காத்திருப்பவர்களில் பாதிப் பேர் நம் ஆட்கள். எங்களுக்கு வாய்த்தது நூருல் என்ற பிள்ளை. பினாங்குத் தமிழ் முஸ்லிம் குடும்பம், உன் வயதுதான் இருக்கும், நீ முடியை ஒதுக்கிவிடுவது மாதிரியே அவளும் தலையை மூடியிருந்த துடோங்கை அடிக்கடி காதோரம் சரி செய்துகொண்டாள். "அண்ணே, மெதுவா சொல்லுங்க, அவசரமில்ல"ன்னு அவள் சொன்ன விதத்தில் உன் அண்ணன், எங்களிடம் கூடச் சொல்லாததையெல்லாம் சொன்னான். காவலாளி பையைக் கொட்டிப் பார்த்தது, வாசல் வரைக்கும் இரண்டு பக்கமும் ஆள் நடந்து வந்தது, கேண்டீன் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டது எல்லாம். அந்தப் பிள்ளை கண் கலங்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது பிரமிளா. என் மகளும் இப்படித்தான் யாருக்கோ முன்னால் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் யுகேந்திரன் நேராகவே கேட்டான், "அப்ப நான் திங்கக்கிழமையே தொழிலுறவு இலாகாவுக்குப் போய்ப் புகார் கொடுத்துடட்டுமா?" அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே போனாள். அந்த இடத்துக்குப் பொறுப்பான வக்கீல் சந்திரசேகரன் போனில் பேசிக்கொண்டிருந்தது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. கையை அசைத்தார், அவள் திரும்பி வந்தாள். "இப்பவே போனா கம்பெனிக்குக் கோவம் வரும் அண்ணே. அவங்க கடிதத்திலயே அப்பீல் செய்யலாம்னு போட்டிருக்கு. முதல்ல அதை முடிப்போம், பதில் வந்ததும் இலாகாவுக்குப் போகலாம், டைம் இருக்கு." அவளே உட்கார்ந்து அழகான இங்கிலீஷில் அப்பீல் எழுதிக் கொடுத்தாள். அடுத்த வாரம் போனபோது சந்திரசேகரன் பார்த்துவிட்டார் என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்கள். நாங்களும் நிம்மதியாகத் திரும்பினோம், வழியில் அப்பா சீனியில்லாத தேத்தண்ணி குடித்தார், ஏதோ கல்யாணத்துக்குப் போய் வருகிறவர்கள் மாதிரி இருந்தோம்.

கம்பெனி பதிலே போடவில்லை. கேட்டால் பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். கிறிஸ்மஸ் போனது, புது வருஷம் போனது, பள்ளிக்கூடம் திறந்தது, அதற்குப் பிறகுதான் அப்பீல் தள்ளுபடி என்று இரண்டு வரி வந்தது. அன்றைக்கே இலாகாவுக்கு ஓடினோம். கவுண்டரில் இருந்த மலாய்க்கார அம்மா ரொம்பப் பொறுமையாகத்தான் பேசினார். வேலையை விட்டு நீக்கிய தேதியிலிருந்து இரண்டு மாசத்துக்குள் வந்திருக்க வேண்டும், அப்பீல் போட்டாலும் போடாவிட்டாலும் அந்தக் கணக்கு நிற்காது என்று சொன்னார். காலண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், உள்ளே போய் மேலதிகாரியையும் கேட்டுவிட்டு வந்தார். சட்டமே அப்படித்தான், வாங்கிக்கொள்ள அவருக்கு அதிகாரம் இல்லை, இலாகா அனுப்பாமல் கேஸ் கோர்ட்டுக்கும் போகாது என்றார். உன் அண்ணன் மலாயில், "என் பக்கத்தைச் சொல்றதுக்குன்னுகூட ஒரு நேரம் தர முடியாதா அக்கா"ன்னு கேட்டான். அந்த அம்மா முடியாது என்று தலையை ஆட்டினார். அப்பா பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

செபராங் ஜெயாவுக்குத் திரும்பவும் போனோம். மேசையில் வேறு ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது. நூருலுக்குப் பயிற்சி முடிந்துவிட்டதாம், போய்விட்டாள். இந்த முறை சந்திரசேகரன் அறையைவிட்டு வெளியே வந்தார். "அம்மா, நாங்க இலவசமா செய்யற சேவை இது. இவங்க படிச்சுக்கிட்டிருக்கிற பிள்ளைங்க. சொல்றது வெறும் வழிகாட்டல்தான்னு அங்க போர்டுலயே எழுதியிருக்கு பாருங்க"ன்னு சுவரைக் காட்டினார். எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. "இலவசம்னா தப்பா சொல்லலாமா சார்? எங்க வீட்டுல திருடன்னு ஒருத்தன் உட்கார்ந்திருக்கான், அவனுக்கும் போர்டு எழுதி மாட்டட்டுமா?"ன்னு கேட்டேன். காத்திருந்த எல்லாரும் பார்த்தார்கள். உன் அண்ணன் என் கையைப் பிடித்து, "வாங்கம்மா"ன்னு கீழே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அவன் சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் நூருல் நம் வீட்டுக்கு வந்தாள், அவளுடைய உம்மாவையும் கூட்டிக்கொண்டு. லிஃப்ட் கெட்டுக் கிடக்கிறது, அத்தனை படியும் ஏறி, ஒரு தூக்கில் கூஃ பலகாரம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். யாரும் அவளை வரச் சொல்லவில்லை, விஷயத்தைக் கேள்விப்பட்டுத் தானாக வந்தாள், அதை நான் மறைக்கவில்லை. வக்கீல் போனில் இருந்ததால் தான் கேட்டது அவர் காதில் விழவே இல்லை, கையை அசைத்ததைச் சரி என்று எடுத்துக்கொண்டு, சரியென்று தனக்குத் தோன்றியதைச் சொல்லிவிட்டதாகச் சொல்லி அழுதாள். யுகேந்திரன் அறையிலிருந்து வந்து, "பரவாயில்ல தங்கச்சி, அழாதீங்க, சாப்பிட்டுப் போங்க"ன்னு சொன்னான். நான் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தேன், முதுகைத் தடவிவிட்டேன். போகும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, இது எனக்குப் பெரிய பாடம், வாழ்க்கைல மறக்க மாட்டேன்"னு சொன்னாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். கதவைச் சாத்திவிட்டு நான் அடுப்படியில் நின்று பற்களைக் கடித்துக்கொண்டேன். என் பிள்ளையை நான் பெற்றது இன்னொருத்தி படித்துத் தேறுவதற்கா? அவள் நல்ல வக்கீலாக வருவாள், எனக்குச் சந்தேகமே இல்லை, வருகிறவர்களிடமெல்லாம் தேதியைப் பார்த்துப் பார்த்துக் கேட்பாள். அதற்குச் செலவானது என் மகன்.

அந்தச் சமயம் பார்த்து நீ அந்தப் படத்தை அனுப்பினாய். பல குடும்பங்கள் சேர்ந்திருக்கும் அந்த நீண்டவீட்டு வாசலில் ஒரு பெரியவர் உன் கையைத் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டிருக்கிறார், நீ சிரிக்கிறாய். நிலத்துக்காக வழக்கு, அவருக்கு நான்தான் எல்லாம் விளக்கிச் சொன்னேன், இங்கே தினமும் புதுசு புதுசாகக் கற்றுக்கொள்கிறேன் அம்மா என்று எழுதியிருந்தாய். அப்பா எல்லாருக்கும் அந்தப் படத்தைக் காட்ட வேண்டும் என்றார். நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். அதன் பிறகுதான் உன்னோடு பேச முடியாமல் போனது. அந்தப் பெரியவரிடம் நீ என்ன சொன்னாய் பிரமிளா? நீ சொன்னதை வேலை தெரிந்த வக்கீல் யாராவது கேட்டாரா, இல்லை போனில் இருந்தாரா? நீங்கள் யாரும் போகாவிட்டால் அந்த ஆட்களுக்குக் கேட்பதற்கு நாதியில்லை, அது எனக்கும் தெரியும், நாங்களும் அப்படித்தானே அந்த மாடி ஏறினோம். ஆனால் கேட்பதற்கு வேறு ஆள் இல்லாதவர்கள் நீங்கள் சொல்வதை அப்படியே நம்பிவிடுகிறார்கள். இன்னொருவரிடம் போய்ச் சரிதானா என்று விசாரிக்க அவர்களுக்கு வழி கிடையாது. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தால் அந்த நாற்காலியில் உட்காராதே. உன் தவணை முடிந்து கிளம்புவதற்கு முன்னால் அந்தப் பெரியவரைப் போய்ப் பார், உனக்குப் பின்னால் யார் வருவார்கள், அவர் என்றைக்கு எங்கே போக வேண்டும் என்பதை அவர் வீட்டு ஆட்களிடமும் சொல்லிவிட்டு வா. அடுத்து வருகிறவள் பார்த்துக்கொள்வாள் என்று பெட்டியைக் கட்டிவிடாதே.

இங்கே மற்றது எல்லாம் அப்படியேதான். அப்பாவுக்குச் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது, முட்டி வலி மட்டும் விடவில்லை. உன் அலமாரியில் எறும்பு ஏறியது, புத்தகங்களை எடுத்து வெயிலில் வைத்தேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு இந்த வருஷம் நானும் அப்பாவும் மட்டும் போனோம். தொழிற்சாலைப் பையன்கள் போடும் தண்ணீர்ப் பந்தலில் ஒவ்வொரு வருஷமும் உன் அண்ணன்தான் முன்னால் நிற்பான், இந்த முறை அவர்கள் யாரும் அவனைக் கூப்பிடவில்லை. நாங்கள் அந்தப் பக்கம் நடந்தபோது ஒரு பையன் எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக்கொண்டான். வேறு தொழிற்சாலை ஒன்றில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள், பழைய இடத்தை ஏன் விட்டாய் என்று கேட்டார்களாம், இவன் உள்ளதைச் சொல்லிவிட்டு வந்துவிட்டான். இப்போது மோட்டாரில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை செய்கிறான். ஒரு நாள் ஆர்டர் அவனுடைய பழைய கேட்டுக்கே வந்திருக்கிறது. ஹெல்மெட்டைக் கழற்றாமல் காவலாளி அறையில் பொட்டலத்தை வைத்துவிட்டு வந்தேன் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். என்னிடம் சொல்லவில்லை.

உன்னைக் கேட்டிருந்தால் உனக்குச் சரியாகத் தெரிந்திருக்குமா என்று பல நாள் என் மனதில் ஓடியது. தெரிந்திருக்கும் என்றால், உன்னிடம் சொல்லாமல் விட்டோமே என்று சாவேன். நீயும் காத்திருக்கத்தான் சொல்லியிருப்பாய் என்றால் அதைவிட மோசம். அதனால் இதற்கு மட்டும் நீ பதில் எழுத வேண்டாம்.

நேற்றுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "பிரமிளாவுக்குப் படிப்பு எப்ப முடியுது?"ன்னு யுகேந்திரனே கேட்டான். வேலை போனதிலிருந்து உன் பெயரை அவன் வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை. அடுத்த வருஷம் என்றேன். "நல்லா முடிக்கச் சொல்லுங்க"ன்னு மட்டும் சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் சொன்னதை உனக்குச் சேர்த்துவிட்டேன். அதோடு என் வார்த்தையாக எதையும் சேர்த்துச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, ஆற்றில் படகில் போகும்போது மிதவைச் சட்டையைப் போட்டுக்கொள். தண்ணீர்மலையான் உனக்குத் துணையிருக்கட்டும், தீர்க்காயுசோடு இரு. அண்ணன் எடுக்காவிட்டாலும் நீ அவனுக்குப் போன் செய்துகொண்டே இரு, வழக்கைப் பற்றி மட்டும் பேசாதே.

உன் அம்மா,
மோகனா கார்த்திகேசு