எட்டாம் தேதிப் படகு

ஜகார்த்தா,
12 ஆகஸ்ட் 1995

என் செல்லத் தங்கை ரஸ்மினிக்கு,

நீயும் அம்மாவும் உன் வீட்டுக்காரர் நெங்காவும் சுகம்தானே? மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. லெம்போங்கானில் காகிதத்துக்குப் பஞ்சமா, இல்லை அக்கா மேல் கோபமா?

ஒரு நல்ல சேதி. அக்டோபரில் எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்து வருடம். "எங்க போகலாம்னு சொல்லு, செலவப் பத்தி யோசிக்காத" என்றார் ஹெந்த்ரா. நான் வாய் திறப்பதற்குள் அவருடைய முதலாளியின் மனைவி வுலான் அம்மாள் முந்திக்கொண்டாள். "லெம்போங்கான்னு ஒரு குட்டித் தீவு இருக்காமே! நாங்களும் வர்றோம்" என்றாள். அவள் பேர் சொன்ன விடுதி நீ வேலை பார்க்கும் அதே விடுதி! இந்த வருடம் ஹெந்த்ராவுக்குப் பெரிய பதவி வருமா வராதா என்பது அந்த அம்மாளின் வாயில்தான் இருக்கிறது. அதனால் ஒரு குறையும் வரக்கூடாது.

குன்றின் மேல் கடலைப் பார்த்த இரண்டு தனி வீடுகள் வேண்டும், இரண்டிலும் நீச்சல் குளத்தோடு. கட்டிலில் செண்பகப் பூ தூவியிருக்க வேண்டும். முதல் நாள் சாயங்காலம் மணலில் விளக்கு வைத்துச் சிங்கி இறால் விருந்து. அறைகளுக்குத் தலைமைப் பணிப்பெண்ணே நீதானே, உனக்குத் தெரியாததா?

அம்மாவுக்கு என் முத்தம்.

உன் அக்கா,
சுவார்னி

*

லெம்போங்கான்,
24 ஆகஸ்ட்

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே எழுந்து போய், கரையில் கடல்பாசி வளர்க்கக் கயிறு கட்டிக்கொண்டிருந்த பெண்களிடமெல்லாம், "எம் பொண்ணு வர்றா! எம் பொண்ணு வர்றா!" என்று சொல்லிவிட்டாள். தினமும் சோறு போடுகிற என்னை அவள் ஒரு நாளும் அப்படிக் கொண்டாடியதில்லை.

இரண்டு வீடுகளும் காலியாக இருக்கின்றன. எட்டு வருடமாக அந்தக் கட்டில்களுக்கு நான்தான் விரிப்பு மாற்றுகிறேன். ஒரு முறைகூட உட்கார்ந்து பார்த்ததில்லை, உட்கார்ந்தால் வேலை போய்விடும். இப்போது நீ வந்து படுக்கப் போகிறாய், நான் பூத் தூவப் போகிறேன். வயிறு எரிகிறது அக்கா, பொய் சொல்ல மாட்டேன். ஒரே பாயில் படுத்து என் போர்வையையும் சேர்த்து இழுத்துக்கொண்டவள்தானே நீ!

ஒன்று மட்டும் கேட்கிறேன். முதல் நாள் சாயங்காலம் உனக்குச் சிங்கி இறாலா, அம்மா வாழையிலையில் சுட்டு வைக்கும் மீனா? அவள் இப்போதே மீனுக்குச் சொல்லி வைத்துவிட்டாள்.

உன் தங்கை,
ரஸ்மினி

*

ஜகார்த்தா,
5 செப்டம்பர்

என் ரஸ்மினிக்கு,

எப்படி எழுதுவது என்று நாலு நாளாகத் தவிக்கிறேன். கோபப்படாமல் படி.

வுலான் அம்மாளிடம் நான் டென்பசார் நகரத்துப் பெண், அப்பா பள்ளிக்கூட வாத்தியார் என்று சொல்லியிருக்கிறேன். கல்யாணமான புதிதில் ஹெந்த்ராதான் அப்படிச் சொல்லச் சொன்னார். பிறகு மாற்ற முடியவில்லை. அதனால் அங்கே நீ என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. எல்லோரையும் போல "மேடம்" என்று கூப்பிடு. மத்தியானம் அவர்கள் தூங்கும்போது நான் ஓடி வந்து அம்மாவைப் பார்த்துவிடுகிறேன்.

இன்னொன்று. குன்றுக்குக் கீழேதானே அம்மா பாசி காயப்போடுகிறாள்? அந்த வாரம் மட்டும் வேண்டாம் என்று சொல். நாற்றத்தை வுலான் அம்மாள் தாங்க மாட்டாள். இந்த வரியை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே, நீயாக ஏதாவது காரணம் சொல்லிக்கொள்.

உனக்கு வயிறு எரிகிறது என்று எழுதிவிட்டாய். எனக்கு எரிவதை நான் யாரிடம் சொல்வது? போன வருடம் காய்ச்சலில் கிடந்தபோது அம்மா உன் பெயரைத்தான் முனகினாளாம், நீயே எழுதியிருந்தாய். உன் வீட்டுக்காரர் உன்னைக் கேட்காமல் ஒரு சட்டைகூட வாங்குவதில்லை. நான் இங்கே வுலான் அம்மாள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சிரிக்கிறேன்.

அக்டோபர் எட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை, சனூர் கரைக்கு வந்துவிடுவோம். படகை ஏற்பாடு செய்.

சுவார்னி

*

லெம்போங்கான்,
16 செப்டம்பர்

மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு,

தாங்கள் கேட்ட இரண்டு வீடுகளும் தங்கள் பெயரில் எழுதப்பட்டன. பூ, விளக்கு, சிங்கி இறால் எல்லாம் சொல்லியாயிற்று. பணிப்பெண்கள் யாரும் தங்களைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். பாசி நாற்றமும் இராது.

"நல்ல நாள் பாத்துத்தான் வர்றாளா?" என்று தங்கள் தாயார் கேட்டார். "இந்தத் தண்ணியில பொறந்தவளுக்கு நாள் தெரியாதா?" என்று சொல்லிவிட்டேன்.

எட்டாம் தேதியே வாருங்கள்.

தலைமைப் பணிப்பெண்,
ரஸ்மினி

*

சனூர் கரை,
8 அக்டோபர், மத்தியானம்

ரஸ்மினி,

உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் செய்தாய்.

காலை எட்டு மணிக்கு வந்து இறங்கினோம். கரையில் அத்தனை படகுகளும் மேட்டில் இழுத்துக் கட்டிக் கிடந்தன. காப்பிக் கடைக்காரி சிரித்தாள். "லெம்போங்கானுக்கா? எங்க கணக்குல இன்னிக்கு நாலாம் மாசப் பௌர்ணமியாச்சே! கடலுக்கு ஓய்வு நாளு. அந்தத் தீவுத் தண்ணியில இன்னிக்கு ஒருத்தரும் கால் நனைக்க மாட்டாங்க. அங்க பொறந்த பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியுமே!"

எனக்குத் தெரியவில்லை. பத்து வருடமாக நான் அலுவலகக் காலண்டரைப் பார்த்தே நாள் குறிக்கிறேன், நிலவைப் பார்ப்பதில்லை. சின்ன வயதில் இதே நாளில் நீயும் நானும் கரையில் உட்கார்ந்து, அலை காலைத் தொட்டுவிடாமல் இழுத்துக்கொண்டு விளையாடுவோம். அது நினைவுக்கு வந்தபோது தலைக்கு மேல் வெயில் ஏறிவிட்டது.

அப்போதுதான் உன் வீட்டுக்காரர் வந்தார். நேற்று மீன் கொண்டுவந்தவர், திரும்ப முடியாமல் தங்கிவிட்டாராம். தூரத்திலிருந்தே கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். "அக்கா! நாளைக்குத்தானே வர்றீங்கன்னு சொன்னா? மேல வாங்க, நிழல்ல உக்காருங்க. அம்மா வழி மேல விழி வச்சுக் காத்துக்கிட்டிருக்காங்க!"

வுலான் அம்மாள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். "யாரு இவரு? உங்களை அக்காங்கிறாரு?"

ஹெந்த்ரா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "விடுதிப் படகுக்காரர். இங்க எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க."

நெங்கா ஒரு நொடி நின்றார். பிறகு குனிந்து எங்கள் பெட்டிகளைத் தூக்கிக் கார் வரை கொண்டுவந்து வைத்தார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "பாத்து ஏறுங்க மேடம்" என்றார். அப்படிக் கூப்பிட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை ரஸ்மினி.

வுலான் அம்மாளுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. வேறு ஊரில் வேறு விடுதி பார்த்தாகிவிட்டது. கடையில் ஏதோ மறந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். நெங்காவிடமே கொடுத்தனுப்புகிறேன். அவர் முகத்தைப் பார்த்துக் கொடுக்க முடியாது, காப்பிக் கடையில் வைத்துவிட்டுப் போகிறேன்.

உன் ஆசை தீர்ந்ததா?

சுவார்னி

*

லெம்போங்கான்,
15 அக்டோபர்

என் அக்காவுக்கு,

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். விடுதிப் புத்தகத்தில் ஒன்பதாம் தேதி என்று எழுதினேன். அம்மாவிடமும் இவரிடமும் ஒன்பது என்றே சொன்னேன். நீ ஒரே ஒரு நாள் அந்தக் கரையில் முழித்துக்கொண்டு நிற்க வேண்டும், அந்த அம்மாள் உன்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசைப்பட்டேன். மறுநாள் வந்துவிடுவாய் என்று நினைத்தேன். வராமலே போவாய் என்று நினைக்கவில்லை.

ஒன்பதாம் தேதி இவர் வந்து உன் கடிதத்தை என் கையில் கொடுத்தார். அம்மா, "அவளப் பாத்தியா?" என்று கேட்டாள். "பாத்தேம்மா. நல்லா இருக்காங்க. உங்களத்தான் கேட்டாங்க. திடீர்னு வேலை வந்துருச்சாம்" என்றார். கரையில் நடந்தது எதையும் இவர் சொல்லவில்லை. உன் எழுத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இன்னொரு தப்பும் செய்தேன். படிக்காதே என்று நீ எழுதிய பாசி வரியை அம்மாவுக்கு வேண்டுமென்றே படித்துக் காட்டினேன். உன் மேல் அவளுக்கு ஒரு தடவையாவது கோபம் வரட்டும் என்று. அவளோ, "சரிதானே, பழகாதவங்களுக்குக் குமட்டும்ல" என்றாள். மூன்று நாள் வெயிலில் தனி ஆளாக அத்தனை பாசியையும் வாரித் தீவின் மறுபக்கம் கொண்டுபோய்ப் போட்டாள். கரையைப் பெருக்கியும் விட்டாள். ஒன்பதாம் தேதி அந்தச் சுத்தமான மணலில் புதுத் துணி உடுத்தி, இலையில் மீனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உன் மேல் பொறாமைப்பட்டு நான் யாரைத் தண்டித்தேன் பார்.

உன் கட்டிலில் தூவிய பூவை நான்தான் அள்ளினேன். அள்ளுவதற்கு முன் கதவைச் சாத்திவிட்டுச் சற்று நேரம் அதில் படுத்துப் பார்த்தேன். பெரிய கட்டில், கையை எவ்வளவு நீட்டினாலும் பக்கத்தில் யாரும் தட்டுப்படவில்லை.

இவரிடம் மன்னிப்புக் கேட்டேன். உன்னிடம் கேட்க இன்னும் மனம் வரவில்லை. அவரை நீ படகுக்காரர் என்று சொன்னது உள்ளே உறுத்துகிறது. நான் செய்ததும் உனக்கு அப்படித்தான் உறுத்தும்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். அம்மாவுக்கு எழுது. பாசியை இன்னும் அவள் திரும்பக் கொண்டுவரவில்லை, "ஒருவேளை வந்தான்னா?" என்கிறாள். கொண்டுவரலாமா வேண்டாமா என்று நீதான் அவளுக்குச் சொல்ல வேண்டும். அவளுக்குப் படிக்கத் தெரியாது, படித்துக் காட்டப் போவது நான்தான். என்னைத் திட்டி எழுதியிருந்தாலும் ஒரு வரியும் விடாமல், ஒரு வரியும் கூட்டாமல், நீ எழுதியபடியே படிப்பேன்.

ரஸ்மினி