ஒரு பக்கம் குறைந்த டெண்டர்

இல்லை, இன்னும் தூக்கிப் போடவில்லை. அந்த அரக்குத் துண்டு மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது. இன்று ஊசிப் பெட்டியைத் தேடியபோது விரலில் பட்டது. முகர்ந்தேன். எரிந்த மெழுகு, கொஞ்சம் பிசின். உடனே நீ.

அம்பத்தூர் ஷெட். மின்விசிறியை நிறுத்திவிட்டு, மெழுகுவர்த்திச் சுடரில் அரக்கை உருக்கி, அரசுத் தொழிற்சாலைக்குக் கையுறை தைத்துத் தரும் டெண்டர் கவரின் வாயில் சொட்டினாய். சுடிதாரிலும் ஒரு துளி. "கல்யாணப் பத்திரிகைக்குக்கூட இவ்ளோ மரியாதை கெடையாதுடி" என்றாய். இருவரும் எம்.ஏ. முடித்துவிட்டுத் தையல் மிஷினுக்கு எண்ணெய் விடக் கற்றுக்கொண்டிருந்தோம். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்த உனக்கு மட்டும் ஒன்று தெரியும்: தொழிற்சாலையில் கையுறை கிழிந்துகொண்டேதான் இருக்கும். அங்கே வேலை பார்த்த உன் அப்பாவின் விரல்களில் அதைப் பார்த்திருக்கிறாய்.

டெண்டர் பெட்டி திறந்த நாள். அதிகாரி நம் பக்கங்களைப் புரட்டினார்.

"இந்தப் பக்கத்துல கையெழுத்து இல்லையேம்மா."

"பேனா இருக்கு சார். இப்பவே போட்டுர்றேன்" என்றாய்.

"பொட்டி தொறந்தாச்சு. இனிமே தொடக் கூடாது."

பின்வரிசையில் ஓர் ஒப்பந்ததாரர் சிரித்தார். "இன்னா தங்கச்சி, அரக்கு வெக்கத் தெரிஞ்சுது, கையெழுத்து போடத் தெரியலியா?"

கவர் ஓரமாகப் போயிற்று. கூடவே நாம் கொடுத்த மாதிரிக் கையுறைகளும். திரும்பும் பேருந்தில் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாய்: "ஒருத்தராவது உள்ள கைய விட்டுப் பாத்திருக்கலாம்."

அந்தப் பக்கத்தை விட்டது யார் என்று நாம் கடைசிவரை பேசிக்கொள்ளவில்லை.

பிறகு வேறு கதவுகள். அரசுக்கு ஏற்கெனவே சப்ளை செய்த அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். "ஆர்டர் குடுத்தாதானே அனுபவம் வரும்?" என்று ஷெட்டுக்கு வந்து சுவரிடம் கேட்டாய். கடைசியில், சிரித்த அதே ஒப்பந்ததாரருக்கே தைத்துக் கொடுத்தோம். நம் கையுறைகள் அவர் பெயரில் உள்ளே போயின.

நீ இறந்து இது இரண்டாவது மழைக்காலம்.

இப்போது டெண்டர் விதிகளைச் சுலபமாக்கியிருக்கிறார்கள். பெட்டி இல்லை. அரக்கு இல்லை. எல்லாம் இணையத்தில். பொருள் தரமாக இருந்தால் போதும், சிறு நிறுவனங்களுக்கு முன் அனுபவம் தேவையில்லை என்று போட்டிருந்தார்கள். திரும்பத் திரும்பப் படித்தேன். உனக்கு வாசித்துக் காட்ட வேண்டும் போலிருந்தது.

அது வந்த நேரம் நல்ல நேரம். ஒப்பந்ததாரர் வேறு இடத்தில் வாங்கத் தொடங்கிவிட்டார். நமக்கு வேலை நின்றுவிட்டது. முதல் நாளிலிருந்து நம்மோடு தைக்கும் செல்வி அக்கா, இன்னும் வேப்பம்பட்டிலிருந்து ரயிலில்தான் வருகிறார். அவரும் ஐயப்பன்தாங்கலில் ஒரு ஃபிளாட்டில் சமையல் வேலைக்குப் பேசி வைத்துவிட்டார். "ஆர்டர் வந்தா இங்கயே கீறேன். இல்லாங்காட்டி திங்கக்கெழம அங்க போறேன். கோச்சுக்காதம்மா." கையுறையில் பெருவிரலைச் சுருக்கமில்லாமல் வைத்துத் தைக்க அவரை விட்டால் ஆளில்லை. அவர் போனால் ஷெட்டை மூட வேண்டியதுதான்.

டெண்டர் போட்டேன். நேரம் முடிந்த பிறகு பார்க்கிறேன், தரச் சான்றிதழில் ஒரு பக்கம் இணையத்தில் ஏறவே இல்லை. மறுபடி அந்த அறை. அந்தச் சிரிப்பு.

சில நாள் கழித்துக் கைபேசியில் ஒரு செய்தி. 'ஆவணம் குறைவு' என்ற தொடக்கத்தோடு மூடிவிட்டேன். அழுகை வந்தது. யாருக்கோ தலையணை உறை தைத்துக்கொண்டிருந்த செல்வி அக்கா மிஷினை நிறுத்தினார்.

"இன்னா, தள்ளிட்டாங்களா?"

"தெரியலக்கா. பாதிதான் படிச்சேன்."

"எம்மாம் படிச்சிக்கிற, இத முழுசா படிக்க மாட்டியா?"

படித்தேன். விடுபட்ட பக்கத்தை அனுப்புங்கள், அவகாசம் தருகிறோம் என்றிருந்தது.

"கேக்குறாங்கக்கா."

"கேட்டா குடுத்துடு. அதுக்கு இன்னாத்துக்கு அழுவுற?"

அவருக்கு எப்படிச் சொல்வது. என்னிடம் கேட்டார்கள். உன்னிடம் யாரும் கேட்கவில்லை. பேனா உன் கையிலேயே இருந்தது. ஆனாலும் அந்த நிமிடத்தில் வருத்தத்தைவிட மூச்சு வந்ததுதான் பெரிது. யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து, ஒரு பக்கத்துக்காக ஒருத்தியைத் துரத்த வேண்டாம் என்று எழுதி வைத்திருக்கிறார். அவ்வளவு போதும்.

இன்று காலை ஆர்டர் வந்துவிட்டது. நம் பெயரில்.

அன்று அந்த அறையை விட்டு வெளியேறும்போது வாசலில் நின்று திரும்பினாய். "அடுத்த டெண்டர் எப்ப சார்?" கெஞ்சல் இல்லை, கோபமும் இல்லை. அடுத்த பேருந்து எப்போது என்று விசாரிப்பதுபோல. எனக்குக் கூச்சமாக இருந்தது. இப்போது எந்த அலுவலகத்திலிருந்தும் நான் அதைக் கேட்காமல் எழுந்து வருவதில்லை. கேட்கும்போது என் குரல் கொஞ்சம் உன்னுடையதாக இருக்கிறது.

செல்வி அக்கா தன் கைபேசியை நீட்டினார். "அந்த ஃபிளாட்டு ஊட்டம்மாகிட்ட நீயே சொல்லிடும்மா. எனக்கு வாய் வர்ல." திங்கட்கிழமை அவர் வரமாட்டார் என்று சொன்னேன். பிறகு துணி எடுக்கப் பூந்தமல்லிக்குப் பேருந்து ஏறினேன்.